சாலேமும் பழைய ஊரும்: கானாவின் சமயங்களை மிஷனெரிகள் பார்த்த விதம்

தரங்கம்பாடிக் கோட்டையில் பறந்த அதே டேனிஷ் கொடி மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையிலும் பறந்தது. இன்றைய கானாவின் தலைநகரான அக்ராவில், ஓசு என்ற பகுதியில், கடலைப் பார்த்து நிற்கிறது கிறிஸ்டியான்ஸ்போர்க் கோட்டை. தரங்கம்பாடியை 1845-லும், ‘பொற்கரை’ என்று ஐரோப்பியர் அழைத்த அந்தக் கரையில் இருந்த தன் கோட்டைகளை 1850-லும் டென்மார்க் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனது. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவின் கதை இந்த அவையில் பலருக்கும் மனப்பாடமாக இருக்கும். 1828 டிசம்பரில் கிறிஸ்டியான்ஸ்போர்க்கில் இறங்கிய நான்கு இளைஞர்களின் கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேசுவதற்கு அவர்கள் உயிரோடு இருக்கவுமில்லை. சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன் அனுப்பிய அந்த நால்வரில் மூவர் ஒரு வருடத்துக்குள் காய்ச்சலில் இறந்தார்கள். நான்காமவர் 1831-ல் இறந்தார்.

பாசல் மிஷன் விடவில்லை. 1832-ல் இன்னும் மூவரை அனுப்பியது. அவர்களில் ஒருவர் மருத்துவர். மற்றவர்களைக் காப்பாற்றுவதற்கென்றே அனுப்பப்பட்டவர். முதலில் போனவர் அவர்தான். சில மாதங்களில் இரண்டாமவரும் போனார். எஞ்சிய ஆந்திரேயாஸ் ரீஸ் என்ற டேனிஷ் மிஷனெரியும் காய்ச்சலில் விழுந்தார். அவரைப் பிழைக்க வைத்தவர் அந்த மண்ணின் நாட்டு வைத்தியர் ஒருவர்.

இந்தச் சம்பவத்தைப் பாசல் மிஷனின் வரலாறுகள் ஒளிக்கவில்லை; ஆனால் ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன. இன்றைக்கு அதில் நின்று பார்ப்பதில் பொருள் உண்டு. அந்த ஊரில் வைத்தியமும் சாமியும் தனித்தனித் துறைகள் அல்ல. மூலிகை தெரிந்தவருக்கு அதைக் காட்டிக் கொடுத்த தெய்வமும் உண்டு. காய்ச்சல் ஏன் வந்தது, யார் கோபம், எந்த விலக்கு மீறப்பட்டது என்று கேட்டுவிட்டுத்தான் கஷாயம் கொடுப்பார்கள். அந்த வைத்தியத்தால் உயிர் பிழைத்த மிஷனெரி எழுந்து உட்கார்ந்ததும், அந்த உலகம் முழுவதையும் ‘ஃபெடிஷ்’ (மாயப் பொருள் வழிபாடு) என்ற ஒரே சீட்டை ஒட்டி மூடினார். ரீஸ் மட்டுமல்ல, அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். மலை, ஆறு, தோப்பு, தாயத்து, பூசாரி, குறி, பில்லிசூனியம், முன்னோருக்கு மது வார்ப்பது, அரசரின் பொன் இருக்கை எல்லாம் அவர்களுக்கு ஒரே இருட்டின் பகுதிகள்.

கடற்கரையின் காய்ச்சலுக்குப் பயந்து ரீஸ் 1835-ல் உள்நாட்டு மலைத்தொடரான அக்வாபிமுக்கு ஏறினார். அக்ரொபோங் என்ற ஊரின் அரசர் இடம் கொடுத்தார். ரீஸ் வீடு கட்டினார். ஊரார் அவருக்கு ‘ஓசியாதான்’ என்று பெயர் வைத்தார்கள். வீடு கட்டுகிறவர் என்று பொருள். 1840-ல் அவர் ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது வீடு நின்றது. மதம் மாறியவர் ஒருவர்கூட இல்லை. அரசர் நானா ஆடோ தங்க்வா அவரிடம் சொன்னதாக, பாசல் மிஷன் வழிவந்த பிரஸ்பிட்டேரியன் சபையில் இன்றும் சொல்லும் செய்தி ஒன்று உண்டு: கடவுள் வெள்ளைக்காரருக்குப் புத்தகத்தையும் கறுப்பருக்கு எங்கள் வழிபாட்டையும் கொடுத்தார், அந்தப் புத்தகத்தைப் படிக்கிற கறுப்பர் ஒருவரைக் காட்டு, பார்க்கலாம். அரசர் பண்பாக வாசலைச் சாத்தினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் பாசல் மிஷன் அதை வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொண்டது. ரீஸ் ஜமைக்காவுக்குக் கப்பலேறினார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த மொரேவியன் சபைக் கிறிஸ்தவர்களை, குடும்பம் குடும்பமாக, 24 பேரை அழைத்துக்கொண்டு 1843 ஏப்ரலில் திரும்பி வந்தார். அவர்கள் கூடவே மாங்கன்றையும் வெண்ணெய்ப் பழத்தையும் ஒரு வகைச் சேம்பையும் கொண்டுவந்தார்கள். இன்றும் அக்வாபிம் மலையில் மாமர நிழல் அவர்கள் கொடைதான்.

படிக்கிற கறுப்பர்கள் வந்தார்கள். ஊர் உடனே மாறிவிடவில்லை. ஊருக்குப் பக்கத்தில் வேறொரு ஊர் எழுந்தது. அதற்குச் ‘சாலேம்’ என்று பெயர். தமிழ் வேதாகமம் படித்தவர்களுக்கு மெல்கிசேதேக் அரசாண்ட ஊர் நினைவுக்கு வரும்.

மிஷனெரியின் பார்வையைப் பிரசங்கங்களில் தேடுவதைவிடச் சாலேமின் தெரு அமைப்பில் தேடுவது எளிது. பழைய ஊரில் முற்றத்தைச் சுற்றி அறைகள். தாய்வழிக் குடும்பம் முழுவதும் அதற்குள். மூலையில் முன்னோருக்குரிய இடம். சாலேமில் நேரான தெரு, வரிசையாகக் கல் வீடுகள், வீட்டுக்கு ஒரு கணவன், ஒரு மனைவி, அவர்கள் பிள்ளைகள். தெருவின் தலைப்பில் ஆலயமும் பள்ளியும். மணி அடித்தால் எழ வேண்டும், மணி அடித்தால் ஜெபம். மேளம் கூடாது, ஊர்த் திருவிழாவில் ஆடக் கூடாது, முன்னோருக்கு மது வார்க்கக் கூடாது, சாவு வீட்டில் பழைய சடங்கு கூடாது. தகராறு வந்தால் அரசரின் மன்றத்துக்குப் போகாமல் மூப்பர்களிடம் வர வேண்டும். அரசரின் மன்றத்தில் சத்தியம் செய்வதே முன்னோர் பெயரால்தான் என்பதால் அதுவும் விக்கிரக ஆராதனை.

ஞானஸ்நானம் பெற்றவர் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வீடு மாறினார். அக்கான் மக்களின் வழக்கப்படி ஒருவருடைய சொத்து அவர் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மனைவிக்கும் சொந்தப் பிள்ளைக்கும் பங்கு வேண்டும் என்றது மிஷன். தாய்மாமன்கள் கொதித்தார்கள். அரசருக்கோ இன்னொரு கவலை: போருக்கு ஆள் வேண்டும், வரிக்கு ஆள் வேண்டும், திருவிழாவுக்கு ஆள் வேண்டும், கூப்பிடு தூரத்தில் இருக்கும் குடிகள் ‘நாங்கள் சாலேம்காரர்கள்’ என்று ஒதுங்கிக்கொண்டால் அரசு எப்படி நடக்கும்? அக்கியெம் அபுவாக்குவா நாட்டின் கிபி நகரில் இது பெரும் மோதலாகவே வெடித்தது. அங்கே அரசர் அமோவாகோ அட்டாவை எதிர்த்து நின்றவர் வெள்ளைக்காரர் அல்லர். டேவிட் அசான்டே என்ற அக்கான் போதகர், பாசலுக்கே போய்ப் படித்து வந்தவர். பழைய சமயத்தின் மேல் மண்ணின் போதகர்கள் காட்டிய கடுமை ஐரோப்பியர் காட்டியதற்குக் குறைந்ததல்ல, பல சமயம் கூடுதல். புதிதாக வீடு மாறியவருக்குப் பழைய வீட்டின் மேல் வரும் கோபம் அது.

இதே காலத்தில் யோகான் கொட்லீப் கிறிஸ்தாலர் என்ற ஜெர்மானியர் அக்ரொபோங்கில் வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1853-ல் வந்தவர். அக்கான் மக்களின் துவி மொழியைக் கற்றார். கற்றார் என்பதைவிட அதற்குள் குடியேறினார். டேவிட் அசான்டே, தியோபிலஸ் ஒபோக்கு போன்றவர்களை அருகில் வைத்துக்கொண்டு 1871-ல் முழு வேதாகமத்தையும் துவியில் கொண்டுவந்தார். 1879-ல் 3,600 துவிப் பழமொழிகளைத் தொகுத்து அச்சிட்டார். 1881-ல் அவர் வெளியிட்ட அகராதி இன்றும் ஆய்வாளர் மேசையில் இருக்கிறது. பழமொழி சேர்க்கப் போனவருக்கு எதிர்பாராத ஒன்று கிடைத்தது. ஊரில் எல்லோருக்கும் ஒரே பெரிய கடவுளைத் தெரிந்திருந்தது. அவரைப் பற்றிப் பழமொழி சொல்லாத கிழவி இல்லை. வேதாகமத்தில் அந்தக் கடவுளின் பெயரையே, ஒன்யாங்கொபொன் என்றே, கிறிஸ்தாலர் எழுதினார்.

பெரிய கடவுள் இருக்கிறார். ஆனால் தொலைவில் இருக்கிறார், மக்கள் அவரை மறந்து குட்டித் தெய்வங்களின் பின்னால் போய்விட்டார்கள், அந்தத் தெய்வங்களுக்குப் பின்னால் நிற்பவன் பிசாசு. இதுதான் மிஷனெரிகள் வந்தடைந்த முடிவு. இந்த முடிவின் முதல் பாதியைக்கூட ஏற்க மறுத்த ஐரோப்பியர்கள் இருந்தார்கள். ஏ. பி. எல்லிஸ் என்ற படை அதிகாரி 1887-ல் எழுதிய நூலில், அந்தக் கடவுளே வெள்ளையரிடமிருந்து கடன் வாங்கப்பட்டவர் என்று அடித்துச் சொன்னார்; பின்னால் அவரே அதைக் கைவிட்டார். 1923-ல் ஆர். எஸ். ராட்ரே என்ற காலனிய அரசின் மானுடவியலாளர் அசான்டே வீடுகளைப் பற்றி எழுதியபோது வாதம் முடிந்தது. ஏறக்குறைய ஒவ்வொரு முற்றத்திலும் கவட்டைக் கிளை ஒன்று நட்டிருந்தது. ‘நியாமே துவா’, கடவுளின் மரம். கவட்டையில் ஒரு சட்டி, சட்டியில் மழைநீர், அதனுள் பழங்காலக் கற்கோடாரி ஒன்று. அதை ‘கடவுளின் கோடாரி’ என்றார்கள். மறந்துபோன கடவுளுக்கு முற்றத்தில் ஏன் சட்டி வைக்கிறார்கள் என்ற கேள்வியை மிஷனெரி கேட்டிருக்கலாம். அவர்கள் தினமும் கடந்துபோன முற்றங்கள்தான் அவை.

பார்வை என்பது ஏட்டோடு நிற்பதில்லை. குரோபோ மலையில் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. அக்ராவுக்கு வடகிழக்கே சமவெளியிலிருந்து செங்குத்தாக எழும் அந்த மலைமேல் குரோபோ மக்களின் பழைய குடியிருப்புகளும் கோயில்களும் இருந்தன. அவர்களுடைய பெண்பிள்ளைகள் பருவம் எய்தும்போது ‘திப்போ’ என்ற சடங்கு நடக்கும். தலைமுடி மழித்து, இடுப்பிலும் கழுத்திலும் பரம்பரைக் கண்ணாடி மணிகள் அடுக்கடுக்காகச் சாத்தி, புனிதக் கல்லில் உட்காரவைப்பார்கள். அந்தக் கல் மலைமேல் இருந்தது. பாசல் மிஷன் அடிவாரத்தில் ஒதுமாசியில் நிலைகொண்டிருந்தது. அரசர் ஒதோங்கோர் அசு தன் மகனையே மிஷனெரிகளிடம் படிக்க அனுப்பியவர். பகை ஒன்றும் இல்லை. ஆனால் மலை இருக்கும்வரை குரோபோக்கள் கிறிஸ்துவிடம் முழுதாக வரமாட்டார்கள் என்பது மிஷனின் கணக்கு. மலை இருக்கும்வரை அவர்களை ஆள முடியாது என்பது ஆளுநர் கிரிஃபித்தின் கணக்கு. 1892-ல் இரண்டு கணக்கும் ஒத்துப்போயின. பிரிட்டிஷ் படை மலையிலிருந்து மக்களை இறக்கியது, திப்போ தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு அரியணை ஏறியவர் இம்மானுவேல் மாத்தே கோலே, மிஷன் பள்ளியில் படித்தவர்.

திப்போ அடிவாரத்துக்கு இறங்கி வந்தது, அவ்வளவுதான். இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. பிள்ளையை உட்காரவைக்கும் பெற்றோரில் ஆலயத்துக்குப் போகிறவர்கள் நிறைய.

அசான்டே நாட்டின் தலைநகரான குமாசியின் விவகாரமும் இதே வகைதான். 1869-ல் அசான்டே படை பிடித்துக்கொண்டு போன பாசல் மிஷனெரி ஃபிரிட்ஸ் ராம்சேயரும் அவர் மனைவி ரோசாவும் 1874 வரை குமாசியில் கைதிகளாக இருந்தார்கள். வழியிலேயே கைக்குழந்தையைப் பறிகொடுத்தவர்கள். விடுதலையான ராம்சேயர் அசான்டே நாட்டை பிரிட்டன் கைப்பற்ற வேண்டும் என்று வெளிப்படையாகவே வாதாடினார். 1896-ல் பிரிட்டிஷ் படை குமாசியைப் பிடித்தது. அதே ஆண்டில் ராம்சேயரும் திரும்பிப் போய்ச் சபையைத் தொடங்கினார். அவர் பட்ட துன்பத்தை யாரும் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அசான்டேகாரர் ஒருவர் சிலுவையையும் துப்பாக்கியையும் சேர்த்தே நினைவில் வைத்திருந்தால் அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இஸ்லாத்தை மிஷனெரிகள் வேறு கண்ணால் பார்த்தார்கள். அங்கே புத்தகம் இருந்தது, எழுத்து இருந்தது, வணிகம் இருந்தது. ஆகவே இருட்டு என்று ஒதுக்க முடியவில்லை. போட்டியாளராகக் கண்டு அஞ்சினார்கள். கோலா கொட்டை வணிகத்தோடு வடக்கிலிருந்து வந்த முஸ்லிம்கள் அசான்டே அரசவையில் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமர்ந்திருந்தார்கள். குரான் வசனம் எழுதிய தாயத்துகளை அசான்டே படைத்தலைவர்கள் போர்ச் சட்டையில் தைத்துக்கொண்டார்கள். தாயத்துக்காக மதம் மாற வேண்டும் என்று அந்த முஸ்லிம்கள் கேட்கவில்லை. அது அவர்களுக்கு வசதியாக இருந்தது, அரசருக்கும்தான். 1921-ல் கடற்கரை ஊரான சால்ட்பாண்டில் இந்திய மிஷனெரி ஒருவர் இறங்கினார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். அகமதியா இயக்கத்தின் அப்துர் ரகீம் நய்யார். ஃபான்டி இன முஸ்லிம்கள் அழைத்து வந்தவர். அந்த இயக்கம் கிறிஸ்தவ மிஷன்களின் ஆயுதங்களையே கையில் எடுத்தது: பள்ளிக்கூடம், மருத்துவமனை, துண்டறிக்கை, தெருமுனை விவாதம்.

1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. ஏறத்தாழ 1,200 பேராளர்கள். மற்ற சமயங்களை எப்படிப் பார்ப்பது என்று ஆராயத் தனியாக ஓர் ஆணையமே இருந்தது. இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பற்றி அதன் அறிக்கையில் மரியாதையான பக்கங்கள் உண்டு. ஆப்பிரிக்கச் சமயங்கள் ‘ஆவி வழிபாடு’ என்ற தலைப்பில் அடக்கப்பட்டன; அங்கே கிறிஸ்தவத்துக்கு அடித்தளமாகக் கொள்ளத்தக்கது அதிகம் இல்லை என்பதே தொனி. அந்த மாநாட்டில்தான் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா எழுந்து நின்று, எங்களுக்காக எல்லாவற்றையும் கொடுத்தீர்கள், இப்போது நட்பைக் கொடுங்கள் என்ற பொருளில் பேசி அவையை நெளியவைத்தார். ஆப்பிரிக்காவின் தரப்பில் அப்படி எழுந்து நிற்க யார் இருந்தார்கள்? வரலாற்றாசிரியர் பிரையன் ஸ்டான்லி தேடிக் கண்டுபிடித்த கறுப்பு ஆப்பிரிக்கர் ஒரே ஒருவர்: பொற்கரையின் மார்க் ஹேஃபோர்ட். முழுக் கண்டத்துக்கும் ஓர் ஆள்.

மாநாட்டுக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, எந்த மிஷனும் அனுப்பாத ஒருவர் பொற்கரையின் மேற்கு எல்லைக்கு நடந்தே வந்தார். வில்லியம் வாடே ஹாரிஸ், லைபீரியாவின் கிரேபோ இனத்தவர். அரசுக்கு எதிரான கலகத்துக்காகச் சிறையில் இருந்தபோது காபிரியேல் தூதன் தோன்றி அழைத்ததாகச் சொன்னவர். வெள்ளை அங்கி, தலைப்பாகை, கையில் மூங்கில் சிலுவை, ஒரு வேதாகமம், ஒரு கிண்ணம் தண்ணீர், கூடவே சுரைக்குடுவைக் கிலுகிலுப்பை ஆட்டிப் பாடும் பெண்கள். தாயத்தையும் சாமிப் பொருளையும் கொண்டுவந்து எரி, அந்த இடத்திலேயே ஞானஸ்நானம் என்றார். மிஷன்கள் மாதக்கணக்கில் வினாவிடை மனப்பாடம் செய்யவைத்துக் கொடுத்ததை ஹாரிஸ் ஒரு முற்பகலில் கொடுத்தார். பல மனைவியர் உள்ளவரைத் திருப்பி அனுப்பவில்லை. ஐவரி கோஸ்டிலும் பொற்கரையின் மேற்குக் கோடியிலுமாக ஒரு லட்சம் பேருக்கு மேல் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பு. எந்த மிஷனெரியும் கனவிலும் காணாத எண்ணிக்கை. அக்சிம் ஊரில் அவரைக் கண்ட வழக்கறிஞர் கேஸ்லி ஹேஃபோர்ட் (எடின்பரோ போன மார்க்கின் சகோதரர்) மறு ஆண்டே அவரைப் பற்றிச் சிறு நூல் எழுதினார்.

ஹாரிஸ் தெய்வங்களைப் பொய் என்று சொல்லவில்லை. அவை இருக்கின்றன, வல்லமை உள்ளவை, என் கடவுள் அவற்றைவிட வல்லவர் என்றார். ஊரார் காத்திருந்த பேச்சு அதுதான். இவர்கள் யாரை வணங்குகிறார்கள் என்று மிஷனெரி எண்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் புதிய கடவுள் காய்ச்சலுக்கு என்ன செய்வார், குழந்தை தங்காத வீட்டுக்கு என்ன செய்வார் என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்தது.

வடக்கே ஜிராபாவில் இதையே வேறு விதமாகப் பார்க்கலாம். கத்தோலிக்க ‘வெள்ளைக் குருக்கள்’ சபையினர் 1929-ல் அங்கே நிலைகொண்டார்கள். கனடாவைச் சேர்ந்த ரெமிஜியஸ் மெக்காய் அடிகள் மருந்தகம் நடத்தினார், கூட்டம் வந்தது. 1932-ல் மழை பொய்த்தது. பழைய வழிபாடுகள் பலிக்காமல் ஊர்ப் பெரியவர்கள் குருவிடம் வந்தார்கள். ஜெபித்தார்கள், அவர்கள் ஊரில் மழை பெய்தது. செய்தி பரவ, ஊர் ஊராக ஆட்கள் வந்து நின்றார்கள். தகாபா மக்கள் ஆயிரக்கணக்கில் மறைக்கல்விக்குச் சேர்ந்தார்கள். மழைக்காக மதம் மாறியவர்கள் என்று ஏளனம் செய்வது சுலபம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஊர்களில் பிறந்தவர்களுக்கு அந்த ஏளனம் எளிதில் வராது.

தெற்கில் இன்னும் சிக்கலான நாடகம் ஒன்று நடந்தது. பீட்டர் நியூமன் அனிம் என்பவர் பிரஸ்பிட்டேரியன் சபையில் வளர்ந்து, ஜெபத்தால் நோய் குணமான பின் தனிச் சபை கண்டவர். மருந்தே தொடக் கூடாது என்பது அவர் சபையின் கொள்கை. நாட்டு மருந்தும் கூடாது, இங்கிலீஷ் மருந்தும் கூடாது. அவர்கள் அழைப்பின் பேரில் பிரிட்டனின் அப்போஸ்தலிக் சபை 1937-ல் ஜேம்ஸ் மெக்கியோன் என்ற அயர்லாந்துக்காரரை அனுப்பியது. வந்த கொஞ்ச நாளில் மெக்கியோனுக்கு மலேரியா. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவரும் மருந்து சாப்பிட்டார். ஆப்பிரிக்க விசுவாசிகள் அதிர்ந்தார்கள். மிஷனெரிக்கு விசுவாசம் போதவில்லை என்பது அவர்கள் தீர்ப்பு! 1939-ல் பிரிந்தார்கள். மெக்கியோன் பக்கம் நின்றவர்களிடமிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ‘சர்ச் ஆஃப் பெந்தெகொஸ்ட்’, கானாவின் மிகப் பெரிய சபைகளில் ஒன்று.

பழைய மிஷன் சபைகள் உட்கார்ந்து யோசிக்கக் காலம் எடுத்துக்கொண்டன. முதல் உலகப் போரில் ஜெர்மானியத் தொடர்பு காரணமாக பாசல் மிஷனெரிகளை பிரிட்டிஷ் அரசு வெளியேற்றியது. சபை ஸ்காட்லாந்துக்காரர்களின் மேற்பார்வைக்கும் உள்ளூர் மூப்பர்களின் கைக்கும் வந்தது. கை மாறியது, கண் மாறவில்லை. எஃப்ரேம் அமு அக்ரொபோங் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இசை கற்பித்தவர்; நாட்டு மெட்டில் பாட்டு அமைத்தார், மேளத்தையும் குழலையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார், கோட்டு சூட்டை விட்டுவிட்டு நாட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு பிரசங்க பீடத்தில் ஏறினார். சபைப் பெரியவர்கள் பொறுக்கவில்லை. அவர்கள் கானாக்காரர்கள். 1933-ல் அமு வேலை இழந்தார். அச்சிமோட்டா கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. பிற்காலத்தில் 20,000 சேடி நோட்டில் அவர் படம் வந்தது. அவர் இயற்றிய நாட்டுப்பற்றுப் பாடல் கானாவில் தேசிய கீதத்துக்கு இணையாகப் பாடப்படுகிறது.

கத்தோலிக்கர் பக்கம், 1970-ல் குமாசியின் ஆயரான பீட்டர் சார்பொங் அசான்டே அரச மரியாதைகளை ஆலய வழிபாட்டுக்குள் துணிந்து கொண்டுவந்தார். பிரஸ்பிட்டேரியன் இறையியலாளர் குவாமே பெதியாகோ கிறிஸ்தாலரின் பெயரையும், துவி அறிஞர் அக்ரொஃபியின் பெயரையும் சேர்த்து அக்ரொபோங்கிலேயே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கினார். ஆப்பிரிக்கரின் பழைய சமயம் கிறிஸ்தவத்துக்குப் பகை அல்ல, அதன் விளைநிலம் என்பது அவர் வாழ்நாள் வாதம். எடின்பரோ அறிக்கைக்கு வந்த தாமதமான பதில் என்று அதைப் படிக்கலாம்.

ஆனால் தெருவில் வென்றது பெதியாகோ அல்ல. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கானாவில் கிறிஸ்தவர்கள் 71.3 விழுக்காடு, முஸ்லிம்கள் 19.9, மரபுச் சமயத்தார் 3.2. கிறிஸ்தவர்களுக்குள் பெந்தெகொஸ்தே, கரிஸ்மாட்டிக் சபையினர் மட்டும் மொத்த மக்களில் 31.6 விழுக்காடு. பாசல் வழிவந்தவர்களையும் மெதடிஸ்டுகளையும் எல்லாப் புராட்டஸ்டண்டுகளையும் சேர்த்தாலும் 17.4-தான். வளர்ந்த சபைகள் எவை என்று பார்த்தால், முழு இரவு ஜெபம், பிசாசு ஓட்டுதல், சாபக் கட்டு அறுத்தல், விசா கிடைக்க உபவாசம் என்று ஊரின் பழைய கேள்விகளுக்கு நேரடியாக மைக்கில் பதில் சொல்லும் சபைகள்.

ஜெர்மானிய மானுடவியலாளர் பிர்கிட் மேயர் எவே மக்களின் பெக்கி பகுதியில் ஆய்வு செய்து 1999-ல் வெளியிட்ட நூல் இங்கே உதவுகிறது. பழைய தெய்வங்களைப் பிசாசு என்று மிஷனெரிகள் சொன்னதால் அந்தத் தெய்வங்கள் செத்துவிடவில்லை, பிசாசு என்ற உருவில் கிறிஸ்தவத்துக்குள்ளேயே குடிவந்துவிட்டன என்பது அவர் காட்டும் உண்மை. எதிரியைப் பற்றி ஞாயிறுதோறும் பேசினால் எதிரிக்கு ஆயுள் கூடத்தான் செய்யும். பெந்தெகொஸ்தே போதகர் இன்று ஆற்றுத் தெய்வத்தையும் முன்னோர் சாபத்தையும் பெயர் சொல்லிக் கட்டுகிறார். ஒரு விதத்தில் அவர் பாசல் மிஷனெரியின் நேர் வாரிசு. இன்னொரு விதத்தில் அந்த மிஷனெரி சாலேமுக்கு வெளியே நிறுத்திய பூசாரியின் வாரிசு.

ஆகவே அந்த 3.2 விழுக்காட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்கெடுப்புக்காரரிடம் ‘மரபுச் சமயம்’ என்று சொல்லிக்கொண்டவர்களின் அளவு அது. அக்ரொபோங்கில் ஒத்விரா திருவிழாவின்போது அரண்மனை முற்றத்தில் நிற்பவர்களில் பெரும்பாலோர் அதே வாரம் ஆலயத்திலும் நிற்பவர்கள். அதை இரட்டை வேடம் என்று மிஷனெரி எழுதுவார். அங்கே கேட்டால் அது அரசர், இது சபை என்பார்கள்.

உரசல் இல்லாமலும் இல்லை. அக்ராவின் பூர்வகுடிகளான கா மக்கள் ஹோமோவோ அறுவடைத் திருவிழாவுக்கு முன்பு, பயிர் முளைக்கும் காலத்தில், ஏறக்குறைய ஒரு மாதம் மேளமும் கூச்சலும் கூடாது என்று விலக்குப் போடுவார்கள். 1998 மே மாதம் அந்த விலக்கு நாளில் கோர்லே பு பகுதியில் ஒரு கரிஸ்மாட்டிக் சபை மேளத்தோடு ஆராதனை நடத்த, கா இளைஞர்கள் உள்ளே புகுந்து தாக்கினார்கள், இசைக்கருவிகள் பறிபோயின. அடுத்த சில ஆண்டுகளும் பதற்றம் இருந்தது. பிசாசுக்குக் கட்டுப்பட மாட்டோம் என்றன சபைகள். எங்கள் மண்ணில் எங்கள் விலக்கு என்றார்கள் கா மக்கள். கானாவின் 1992 அரசியல் சட்டம் வழிபாட்டு உரிமையையும் தருகிறது, பண்பாட்டு உரிமையையும் தருகிறது. பின்னர் மாநகராட்சி, காவல்துறை, கா மரபுச் சபை, கிறிஸ்தவச் சபைகள் எல்லாம் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். விலக்கு மாதத்தில் வழிபாடு கட்டடத்துக்குள் நடக்கலாம், ஒலி குறைவாக இருக்க வேண்டும், ஒலிபெருக்கியை வெளியே வைக்கக் கூடாது. ஆண்டுதோறும் இந்த அறிவிப்பு வெளியாகிறது. பெரும்பாலான சபைகள் கேட்டுக்கொள்கின்றன. கானாவின் சமயத்தைப் பற்றி எழுத நினைப்பவர்கள் பாசலில் உள்ள மிஷன் ஆவணக் கிடங்குக்குக் கட்டாயம் போக வேண்டும். அதற்கு முன் ஒரு மே மாதம் அக்ராவில் தங்கிவிட்டுப் போவது நல்லது.